கிளியின் ஓதலும் பேசாதவரின் சைகையும்

அரபுக் கல்லூரிகளில் தர்க்கவியல் பாடம் தொடங்கிய முதல் வாரத்திலேயே மாணவர்கள் மனனம் செய்துவிடும் வரையறை ஒன்றுண்டு: ‘அல்இன்ஸானு ஹயவானுன் நாத்திக்’. மனிதன் ‘நாத்திக்’கான உயிரினம் என்பது இதன் பொருள். ஹிஜ்ரி ஏழாம் நூற்றாண்டில் அதீருத்தீன் அல்அப்ஹரீ இயற்றிய ‘ஈஸாகூஜீ’யைப் படிக்கப் புகும் எவரும் இவ்வரையறையைக் கடந்தே உள்ளே செல்ல வேண்டும். தமிழில் இதனைச் சிலர் ‘பேசும் விலங்கு’ என்றும், வேறு சிலர் ‘பகுத்தறியும் விலங்கு’ என்றும் பெயர்த்துள்ளனர். இவ்விரண்டு பெயர்ப்புகளுக்கும் இடையே உள்ள தூரம் எவ்வளவு என்பதைக் கால் நூற்றாண்டாக இப்பாடத்தை நடத்திவரும் நான் உணர்வதற்கு ஒரு மாணவரின் கேள்வி தேவைப்பட்டது.

“ஹஜ்ரத், சுலைமான் நபி (அலை) அவர்களுக்குப் பறவைகளின் ‘மன்திக்’ கற்றுத் தரப்பட்டதாக அந்நம்ல் அத்தியாயத்தில் ஓதுகிறோம். பறவைக்கும் மன்திக் உண்டென்றால், ‘நாத்திக்’ என்ற சொல் மனிதனை மட்டும் எப்படிப் பிரித்துக் காட்டும்?” என்று அவர் கேட்டார். நூல்களில் உள்ள விடையைச் சொன்னேன். இங்கே ‘நுத்க்’ என்பது நாவின் பேச்சன்று, பொதுமைகளை அறியும் அறிவின் ஆற்றல் என்றேன். விடை சரியானதே. ஆனால் அவர் விடவில்லை. “அப்படியானால் நாவுக்குரிய சொல்லை அறிவுக்கு ஏன் இரவல் வாங்கினார்கள்?” என்றார். அன்று என்னிடம் அதற்கு விடையில்லை.

அன்றிரவே தஃப்ஸீர்களைப் புரட்டினேன். ஒலியாக வெளிப்படும் எதையும், அது தனிச்சொல்லாயினும் தொடராயினும், பயன்தரும் பொருளுடையதாயினும் இல்லாததாயினும், மன்திக் எனலாம் என்கிறார் ஸமக்ஷரீ. தனிச்சொற்களின் பிழைகளை மட்டுமே திருத்தும் தம் நூலுக்கு இப்னுஸ் ஸிக்கீத் ‘இஸ்லாஹுல் மன்திக்’ எனப் பெயரிட்டதை அதற்குச் சான்றாகக் காட்டுகிறார். பைளாவீ சற்று இறுக்கிப் பிடிக்கிறார். உள்ளத்தில் உள்ளதை வெளியிடும் சொல்லே மன்திக் என்றும், புறா ‘பேசிற்று’ என்பது போன்ற வழக்குகள் உவமையால் விரிந்தவை என்றும் கூறுகிறார். இருவரும் சொல்லின் எல்லையை அளந்து தருகின்றனர்; அவர்களின் பணி அதுவே. விலங்கின் ஒலிக்கும் மனிதனின் மொழிக்கும் உள்ள வேறுபாட்டின் தன்மையை அறிய வேண்டுமாயின், விலங்குகளைக் காதுகொடுத்துக் கேட்ட ஒருவரிடம் செல்ல வேண்டும். அவர் பஸராவின் ஜாஹிழ். ஹிஜ்ரி 255இல் மறைந்தவர்.

‘கிதாபுல் ஹயவான்’ அப்துஸ் ஸலாம் ஹாரூனின் பதிப்பில் ஏழு பாகங்கள். விலங்கியல் நூல் என்று எண்ணித் திறப்பவர் ஏமாறுவார்; கவிதை, கலாம், நகைச்சுவை, வதந்தி, மருத்துவம் எல்லாம் அதில் உண்டு. நாயா சேவலா எது சிறந்தது என்ற வாதம் மட்டுமே முதலிரு பாகங்களின் பெரும்பகுதியை விழுங்கிவிடுகிறது. நம் கேள்விக்குத் தொடர்புடைய பகுதி அந்த வாதம் தொடங்குமுன், நூலின் முகப்பிலேயே வருகிறது.

உயிரினங்களை ஜாஹிழ் ‘ஃபஸீஹ்’ என்றும் ‘அஃஜம்’ என்றும் இரண்டாகப் பகுக்கிறார். ஃபஸீஹ் என்பது தெளிவுறப் பேசும் மனிதன். அஃஜம் என்பது, தன் இனத்தவையன்றிப் பிறரால் கருத்து அறியப்படாத ஒலியை உடையது. இதைக் கூறிய கையோடு, அந்தப் பகுப்பைத் தாமே தளர்த்தவும் செய்கிறார். குதிரை, கழுதை, நாய், பூனை, ஒட்டகம் இவற்றின் விருப்பங்களிலும் தேவைகளிலும் பலவற்றை, தொட்டில் குழந்தையின் விருப்பத்தை அறிவது போலவே நாம் அறிந்துகொள்கிறோம் அல்லவா என்கிறார். தீவனப் பையைக் கண்ட குதிரையின் கனைப்பு வேறு, பெண் குதிரையைக் கண்ட கனைப்பு வேறு. பூனை தன் இணையை அழைப்பதும் குட்டிகளை அழைப்பதும் ஒன்றல்ல. மறுபுறம், மனிதன் ஃபார்ஸியில் பேசினாலும், ஹிந்தியில் பேசினாலும், ரூமியில் பேசினாலும் அவன் ஃபஸீஹே. அரபியின் காதில் ரூமியின் பேச்சு எப்படி ஒலிக்கிறதோ, ரூமியின் காதில் அரபியின் தெளிவான பேச்சும் அப்படியே ஒலிக்கும்.

அரபியரல்லாதோரின் மொழியையே ‘அஃஜமீ’ என்று அழைத்துவந்த ஒரு சமூகத்தில், ஒன்பதாம் நூற்றாண்டில் இதை எழுதுவதற்குத் துணிவு வேண்டும். ‘ஹிந்தி’ என்று அவர் பொதுவாகச் சுட்டும் நம் நிலப்பகுதியின் மொழிகளுக்கும் ஃபஸாஹத்தில் பங்கு தருகிறார் என்பதைப் படிக்கும்போது, அரபுக்கு வெளியே உள்ள எதையும் பேச்சாகவே மதியாத சில நண்பர்கள் என் நினைவுக்கு வருகின்றனர்.

ஆனால் திறனாய்வாளன் இங்கே நின்று ஒரு குறையைச் சொல்லியாக வேண்டும். ஜாஹிழ் தரும் ‘அஃஜம்’ என்ற வரையறை கேட்பவனின் அறியாமையை அளக்கிறதேயன்றி, ஒலிப்பவனிடம் என்ன இல்லை என்பதைச் சொல்லவில்லை. கேட்பவன் கற்றுக்கொண்டால் அஃஜம் ஃபஸீஹ் ஆகிவிடுமா? கென்யாவின் அம்போசெலியில் வாழும் வெர்வெட் குரங்குகளின் எச்சரிக்கை ஒலிகளை மனிதர் கற்றுக்கொண்டுவிட்டனர். சிறுத்தைக்கு ஓர் ஒலி, கழுகுக்கு ஓர் ஒலி, பாம்புக்கு ஓர் ஒலி. செய்ஃபார்த், சேனி, மார்லர் ஆகிய மூவர் இவ்வொலிகளைப் பதிவு செய்து, பகை விலங்கு எதுவும் இல்லாத நேரத்தில் ஒலிக்கவிட்டனர். சிறுத்தை ஒலிக்குக் குரங்குகள் மரமேறின, கழுகு ஒலிக்கு மேலே பார்த்தன அல்லது புதருக்குள் ஓடின, பாம்பு ஒலிக்குத் தரையைப் பார்த்தன. ஆய்வு 1980இல் வெளிவந்தது. நமக்குப் பொருள் விளங்கிவிட்டது. ஆயினும் வெர்வெட் ஃபஸீஹ் ஆகிவிடவில்லை. ஆக, வேறுபாடு விளங்குவதிலும் விளங்காததிலும் இல்லை.

ஜாஹிழின் உண்மையான கண்டுபிடிப்பு, அவர் அவ்வளவாக அழுத்தம் கொடுக்காத வேறோர் இடத்தில், பூனைகளைப் பற்றிய ஒரு பத்தியில் கிடக்கிறது. நள்ளிரவில் பூனைகள் ஒன்றையொன்று மிரட்டிக் குரல் கொடுப்பதைக் கூர்ந்து கேட்டு, அவற்றின் ஒலிகளை எண்ணிப் பார்க்குமாறு வாசகரிடம் சொல்கிறார். அவற்றில் கேட்கும் எழுத்தொலிகளின் எண்ணிக்கை குறைவன்று. அவற்றுக்குத் தேவைகளும் அறிவும் ஆற்றலும் இருந்து, பின்னர் அவ்வொலிகளைக் கோத்திருந்தால், நடுத்தரமான ஒரு நல்ல மொழியே அமைந்திருக்கும் என்பது அவர் கணிப்பு.

மொட்டைமாடியில் பூனைகள் சண்டையிடும் இரவுகளில் நாமெல்லாம் செருப்பைத் தேடுகிறோம், இம்மனிதர் எழுத்தெண்ணியிருக்கிறார். அந்தப் பத்தியில் நான் அடிக்கோடிட விரும்புவது ‘கோத்தல்’ என்ற வினையை. மூலத்தில் ‘தஃலீஃப்’ என்பதிலிருந்து வரும் சொல். ஒலிகள் இருக்கின்றன, தேவையான அளவுக்கு இருக்கின்றன. இல்லாதது அவற்றைக் கோக்கும் செயல். மனித மொழியின் தனித்தன்மையைக் குரல்வளையிலோ நாவிலோ தேடாமல் கோப்பில் தேட வேண்டும் என்ற குறிப்பு அதில் முழுமையாக இருக்கிறது. ஜாஹிழோ அதை ஒரு வியப்பாகச் சொல்லிவிட்டு அடுத்த கதைக்குப் போய்விடுகிறார். அவருடைய பலமும் பலவீனமும் இதுதான்.

அவர் விட்ட இடத்தில் நூலை எடுத்தவர் ஹிஜ்ரி 471இல் மறைந்த அப்துல் காஹிர் அல்ஜுர்ஜானீ. ‘தலாஇலுல் இஃஜாஸ்’ நூலில் அவர் பேசுவது குர்ஆனின் நடைச்சிறப்பைப் பற்றி, விலங்குகளைப் பற்றியன்று. ஆயினும் ‘நழ்ம்’ என்று அவர் பெயரிட்ட கொள்கை நம் கேள்விக்கு நேராகப் பொருந்துகிறது. தனிச்சொல்லுக்குத் தன்னளவில் சிறப்பில்லை. ஒரு சொல்லை மற்றொன்றோடு நஹ்வின் உறவுகளால் பிணைக்கும்போதுதான் சிறப்பும் பொருளும் பிறக்கின்றன என்பது அக்கொள்கை. ஒன்றைப் பற்றி மற்றொன்றைச் சொல்லும் ‘இஸ்னாத்’ அந்தப் பிணைப்பின் அடிப்படை. ‘ஸைத் வந்தான்’ என்பதில் இரண்டு பெயர்கள் அடுத்தடுத்து வைக்கப்படவில்லை. ஒன்றின் மேல் மற்றொன்று ஏற்றப்படுகிறது.

கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஹெர்பர்ட் டெரஸ் 1970களில் நிம் என்ற சிம்பன்ஸிக்குச் சைகைமொழி கற்பித்தார். நிம் நூற்றுக்கு மேற்பட்ட சைகைகளைக் கற்றது. அது செய்தவற்றுள் மிக நீண்ட தொடர் 16 சைகைகள் கொண்டது. அதில் இருந்தவையோ கொடு, ஆரஞ்சு, நான், தின், நீ ஆகிய ஐந்தே சொற்கள், முன்பின்னாக மீண்டும் மீண்டும். தொடர் நீண்டதேயொழியப் பொருள் நீளவில்லை. 1979இல் டெரஸ் தம் முயற்சியின் தோல்வியைத் தாமே எழுதி வெளியிட்டார். ஆய்வாளர்களிடம் எளிதில் காணக் கிடைக்காத நேர்மை அது. ஜுர்ஜானீயின் மாணவன் அந்தப் பதினாறு சைகைகளைப் பார்த்தால், இங்கே சொற்கள் உள்ளன, நழ்ம் இல்லை என்று ஒரு வரியில் முடித்திருப்பான்.

இதற்கு எதிரான சான்றுகளையும் மறைக்கலாகாது. ஜப்பானியப் பட்டாணிக் குருவியின் குரல்களில் ஒன்று ‘ஆபத்தைத் தேடிப் பார்’ என்பது போலவும், மற்றொன்று ‘அருகே வா’ என்பது போலவும் பயன்படுகிறது. இரண்டும் ஒரு குறிப்பிட்ட வரிசையில் சேர்ந்து ஒலித்தால் குருவிகள் சுற்றிலும் பார்த்தபடி நெருங்கிவருகின்றன. வரிசையை மாற்றி ஒலித்தால் பெரிதும் பொருட்படுத்துவதில்லை. சுஸுகி என்பாரும் அவருடன் ஆய்ந்தவர்களும் 2016இல் இதை வெளியிட்டனர். காங்கோவின் காடுகளில் வாழும் போனபோக் குரங்குகளும் ஒலிகளை இணைத்துப் புதுப்பொருள் தருகின்றன என்ற ஆய்வு 2025இல் வந்தது. ஆகவே கோத்தலின் முதல் முடிச்சை விலங்குகளிடமும் காண்கிறோம். நம்மவர் சிலர் இத்தகைய செய்திகளைக் கேட்டதும் மனிதனின் மாண்பு பறிபோய்விட்டதைப் போலப் பதறுகின்றனர். விலங்குகளும் பறவைகளும் நம்மைப் போன்ற சமுதாயங்களே என்று கூறும் வேதத்தை ஓதுகிறவர்களுக்கு இந்தப் பதற்றம் தேவையில்லை. இரண்டை இணைப்பது ஒன்று; இணைத்ததை மற்றொன்றுக்குள் வைத்து, அதையும் வேறொன்றுக்குள் வைத்து, முன்னர் எவரும் சொல்லாததைச் சொல்வது வேறொன்று.

நம் பலாகா நூல்களில் இன்னுமோர் அளவுகோல் உண்டு. பேச்சை ‘கபர்’ என்றும் ‘இன்ஷா’ என்றும் பகுப்பர். உண்மை என்றோ பொய் என்றோ சொல்ல இடந்தருவது கபர். ஏவலும் விலக்கலும் வினாவும் இன்ஷா. வெர்வெட்டின் சிறுத்தை ஒலி இவற்றுள் எது? ‘அதோ சிறுத்தை’ என்ற கபரா, ‘மரமேறு’ என்ற ஏவலா? இரண்டாகவும் கொள்ளலாம், எனவே இரண்டுமன்று. பகுப்பு தொடங்குவதற்கு முந்திய நிலை அது. தேனீயின் நடனம் இதைவிட மேலானது. உணவுள்ள திசையையும் தூரத்தையும், அந்த இடம் கண்ணுக்குத் தெரியாதபோதும் அது தெரிவிக்கிறது. இதனைக் கண்டறிந்த கார்ல் ஃபான் ஃபிரிஷ் 1973இல் நோபல் பரிசு பெற்றார். அவரே செய்த மற்றொரு சோதனை எனக்கு இதைவிடச் சுவையாகப் படுகிறது. ஓர் உயர்ந்த கோபுரத்தின் அடியில் கூட்டையும், உச்சியில் சர்க்கரைக் கரைசலையும் வைத்தார். உச்சிக்குக் கொண்டுசெல்லப்பட்ட தேனீக்கள் திரும்பிவந்து ஆடின. மற்றவை சுற்றியிருந்த புல்வெளியெங்கும் தேடின. கோபுரத்தின் மேலே செல்லவில்லை. ‘மேலே’ என்பதற்கு அந்த நடனத்தில் அசைவில்லை. புதிதாக ஒன்றை ஆக்கிக்கொள்ளவும் அவற்றால் இயலவில்லை.

அந்நம்ல் அத்தியாயத்தின் ஹுத்ஹுதை இவற்றோடு வைத்துப் பாருங்கள். அது தொலைவிலுள்ள ஸபஃ நாட்டிலிருந்து செய்தி கொண்டுவருகிறது. அங்கே ஒரு பெண் ஆள்வதையும், அம்மக்கள் சூரியனை வணங்குவதையும் சொல்கிறது. அதைக் கேட்ட சுலைமான் (அலை), நீ சொன்னது உண்மையா, நீ பொய்யரில் ஒருவனா என்று பார்ப்போம் என்ற கருத்துப்பட மறுமொழி தருகிறார். கபர் என்பதன் இலக்கணமே அந்த மறுமொழியில் இருக்கிறது. கலஹாரியின் கரிச்சான் குருவி வேறு பிராணிகளின் எச்சரிக்கை ஒலியைப் போலியாக எழுப்பி, அவை ஓடியதும் அவற்றின் இரையைத் திருடுகிறது. ஏமாற்றுவது விலங்குக்கும் இயலும். ஆனால் ஏமாந்த பிராணி, ‘நீ எப்படி அறிந்தாய்?’ என்று கரிச்சானைத் திருப்பிக் கேட்டதில்லை. மறுக்கவும், வினவவும், சொன்னவரிடமே சொல்லைத் திருப்பி விசாரிக்கவும் முடிகிற இடத்தில்தான் நுத்க் இருக்கிறது. ஹுத்ஹுதின் நிகழ்ச்சி ஒரு நபிக்கு அருளப்பட்ட அற்புதம். அதைக்கொண்டு கொண்டலாத்திகளின் இயல்பைக் கணக்கிடுவது முறையன்று. என் மாணவருக்கு அன்றே இதைச் சொல்லியிருக்கலாம்.

இதுவரை தர்க்கவியலார், தஃப்ஸீர் ஆசிரியர், இலக்கியவாதி, பலாகா அறிஞர் எனப் பலரிடம் சென்றோம். இவர்கள் எவரையும்விட இந்த வேறுபாட்டைத் துல்லியமாகப் பிடித்தவர்கள் ஃபுகஹாக்கள் என்பது என் கருத்து. அவர்களுக்குக் கொள்கையில் அக்கறையில்லை, தீர்ப்பில் அக்கறை. ஸஜ்தா வசனத்தைப் பழக்கப்பட்ட கிளி ஒன்று ஓதினால், கேட்டவர் ஸஜ்தா செய்ய வேண்டுமா? வேண்டியதில்லை என்பதே ஹனஃபி நூல்களில் சரியானதாகக் கொள்ளப்பட்ட கருத்து. எதிரொலியைக் கேட்டவருக்கும் அதே தீர்ப்புத்தான். எழுத்தும் உச்சரிப்பும் குறைவின்றி இருக்கலாம், அது ஓதலன்று. சொன்னதைச் சொல்லும் கிளிப்பிள்ளை என்று நாம் பழமொழியில் சொல்வதை அவர்கள் சட்டமாக்கினர். (ஐரீன் பெப்பர்பெர்க் வளர்த்து, 2007இல் இறந்த அலெக்ஸ் என்ற சாம்பல் கிளி நிறத்தையும் வடிவத்தையும் கேட்டால் சரியாகச் சொன்னது என்பதை அறிவேன். ஃபுகஹாக்கள் பேசுவது அந்தக் கிளியைப் பற்றியன்று.) மறுபுறம், வாய்பேச இயலாதவர் வழக்கமாகச் செய்யும் சைகை நாவினால் எடுத்துரைப்பதற்கு நிகர் என்று, உஸ்மானிய ஆட்சியில் 1869 முதல் 1876 வரை தொகுக்கப்பட்ட ‘மஜல்லா’வின் 70ஆம் விதி கூறுகிறது. ஷாஃபிஈ அறிஞர்களும் அச்சைகையை ஏற்கின்றனர். எல்லாருக்கும் விளங்கும் சைகை, நுண்ணறிவுடையோர்க்கு மட்டும் விளங்கும் சைகை என்று அதையும் தரம் பிரிக்கின்றனர். ஒலி இருந்தும் மொழியில்லாத கிளி, ஒலியின்றியும் மொழியுள்ள மனிதர். இவ்விரண்டு தீர்ப்புகளையும் அருகருகே வைத்து வகுப்பில் சொல்லிக்கொடுத்தவர் எவரையும் நான் கண்டதில்லை, நானும் செய்ததில்லை.

ஜாஹிழும் கருத்தை வெளியிடும் வழிகளுள் சொல்லோடு சைகையையும் விரற்கணக்கையும் எழுத்தையும் சேர்த்தே எண்ணினார். சைகையைச் சொல்லின் துணைவன் என்ற அளவில் அவர் நிறுத்திவிட்டதாகவே எனக்குத் தோன்றுகிறது. சைகை தானே முழு மொழியாகும் என்பதை நிகராகுவாவின் காதுகேளாத குழந்தைகள் காட்டினர். 1977இல் தலைநகர் மனாகுவாவில் அவர்களுக்கென ஒரு பள்ளி தொடங்கிற்று. ஆசிரியர்கள் உதட்டசைவையும் ஸ்பானிய மொழியையும் கற்பிக்க முயன்றனர். குழந்தைகளோ விளையாட்டிடத்திலும் பேருந்திலும் தமக்குள் ஒரு சைகைமொழியை ஆக்கிக்கொண்டனர். ஒரு பொருள் உருண்டு கீழிறங்கியதை மூத்த தலைமுறையினர் பெரும்பாலும் உருளுதலும் இறங்குதலும் கலந்த ஒரே கையசைவால் காட்டினர். அடுத்து வந்த சிறுவர்கள் அதை ‘உருளுதல்’, ‘இறங்குதல்’ என இரண்டாகப் பிரித்து, பின் கோத்துக் காட்டினர் என்று 2004இல் வெளிவந்த ஆய்வு கூறுகிறது. ஜாஹிழ் பூனைகளிடம் காணாத தஃலீஃப், குரலே இல்லாத அந்தக் கைகளில் எவரும் கற்றுத்தராமல் பிறந்தது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கடற்கரையூரில் நிகாஹ் ஒன்றுக்கு அழைக்கப்பட்டிருந்தேன். மணமகன் பிறவியிலேயே செவி கேளாதவர், தையற்காரர். வாயால் ‘கபில்து’ சொல்லாமல் நிகாஹ் எப்படிக் கூடும் என்று பெரியவர் ஒருவர் தடுத்தார். வேறொருவர் வழி சொன்னார்: ஒரு வாரமாக அந்த ஒரு சொல்லை மட்டும் உதட்டசைவைக் காட்டிப் பழக்கியிருக்கிறோம், ஏறக்குறைய வருகிறது, அதைச் சொல்லச் செய்துவிடலாம் என்றார். நல்லெண்ணத்தில்தான் சொன்னார். எனக்குக் கிளியைப் பற்றிய தீர்ப்பு நினைவுக்கு வந்தது. பழக்கிய ஒலி வேண்டாம், அவருடைய மொழியிலேயே கேளுங்கள் என்றேன். அவருடைய தங்கை அருகில் வந்து நின்று சைகையால் ஈஜாபைச் சொன்னாள். அவர் உடனே கபூல் செய்யவில்லை. சபை சலசலத்தது. அவர் கைகளை உயர்த்தித் தங்கையிடம் எதையோ கேட்டார். அவள் எங்களைப் பார்த்துத் தயங்கியபடி சொன்னாள்:

“பெண்ணிடம் கேட்டீர்களா, அவள் என்ன சொன்னாள் என்று அண்ணன் கேட்கிறார்.”